மனுக்கள் குழு வந்தது, கேட்டது, போனது: பாலம் மட்டும் வரவில்லை

வட மாவட்டம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே ஒரு கட்டு நகல்கள். ஊரும் பெயரும் தெரியாதபடி அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய கிராமத்துக்கும் பள்ளிக்கூடம் இருக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு பாசன வாய்க்கால். அதன் மேல் இருந்த தரைப்பாலம் பத்து ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் உடைந்தது. குழாய் பதித்து மண் கொட்டி ஒப்பேற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் அது கரைகிறது, பிள்ளைகள் ஐந்து கிலோமீட்டர் சுற்றிப் போகிறார்கள். ஒன்றிய அலுவலகம், ஆட்சியரகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டம், 1100 என்ற முதலமைச்சர் உதவி மைய எண், எல்லாம் பார்த்தாகிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சட்டமன்றப் பேரவை மனுக்கள் குழு அந்த மாவட்டத்துக்கு வந்தபோது ஊர் சார்பில் மனு கொடுத்தார். மனு ஏற்கப்பட்டு, ஆட்சியரகக் கூட்டரங்குக்கு அழைப்பும் வந்தது. “கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது, நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் பணி மேற்கொள்ளப்படும்” என்று அதிகாரி பதிலை வாசித்தார். “மூன்று மாதத்தில் முடித்துக் கொடுங்கள்” என்றார் குழுத் தலைவர். மறுநாள் செய்தித்தாளிலும் வந்தது. அதோடு சரி. போன மழையில் பொறியாளரைக் கேட்டதற்கு, “குழுவுக்குப் போனீங்கல்ல, அங்கேயே கேளுங்க” என்றாராம். அடுத்த வாரம் யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து, “வயசான காலத்துல எதுக்கு டீச்சர் வம்பு” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: குழுவின் தீர்ப்பை மதிக்காத அதிகாரி மேல் அவமதிப்பு வழக்குப் போடலாமா? கூட்டத்தில் கைப்பேசியில் பதிவுசெய்த பேச்சை வாட்ஸ்அப்பில் போடலாமா? சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையில் முடியாத பாலங்களைப் பற்றி இருக்கிறதே, பொதுக் கணக்குக் குழுவுக்கு எழுதினால் நடக்குமா? உயர் நீதிமன்றம் போனால் குழுவில் கொடுத்த மனு கெட்டுவிடுமா? அடுத்த மனுவில் தன் வீட்டுப் பட்டா விஷயத்தையும் சேர்க்கலாமா?

அம்மா, பத்து வருடக் காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறீர்கள். என்னிடம் வழக்குக்காக வருகிறவர்களில் பாதிப் பேரிடம் மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டே இருக்காது. உங்கள் கையில் இருப்பது நல்ல கட்டு. அதை எந்தக் கதவில் எந்த வரிசையில் காட்டுவது என்பதுதான் இப்போது கேள்வி.

குழு சொன்னது தீர்ப்பு அல்ல

கடிதத்தில் நான்கு இடங்களில் ‘தீர்ப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை முதலில் கழற்றி வைத்துவிடலாம், ஏனென்றால் மற்றக் குழப்பமெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

நம் பேரவையில் 234 உறுப்பினர்கள். கூட்டத்தொடர் நடப்பதோ ஆண்டில் சில வாரங்கள். அத்தனை துறைகளின் நிர்வாகத்தையும் அவையில் உட்கார்ந்து அலச முடியாது. அதனால் அவை தன் வேலையைச் சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 208-ஆவது பிரிவின் கீழ் பேரவை தனக்கென்று வகுத்துக்கொண்ட விதிகளின்படி இவை நடக்கின்றன. செலவழித்த பணத்தைப் பார்ப்பது பொதுக் கணக்குக் குழு. திட்ட மதிப்பீடுகளை ஆராய்வது மதிப்பீட்டுக் குழு. அரசு நிறுவனங்களுக்குப் பொது நிறுவனங்கள் குழு. அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்கைத் துரத்துவது அரசு உறுதிமொழிக் குழு. மக்களிடமிருந்து நேரடியாக மனு வாங்குவது மனுக்கள் குழு. எல்லாவற்றிலும் பல கட்சி உறுப்பினர்கள் இருப்பார்கள்.

குழு என்ன செய்யலாம்? அதிகாரியை அழைக்கலாம். கோப்பைக் கேட்கலாம். நேரில் வந்து இடத்தைப் பார்க்கலாம். அரசுக்கு வெளியே இருப்பவரையும் அழைக்கலாம்: டெல்லி சட்டமன்றக் குழு ஒன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் மூத்த அதிகாரியை அழைத்த விவகாரத்தில், அழைக்கும் அதிகாரம் உண்டு என்று 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதேசமயம், குழு ஒரு புலனாய்வு அமைப்பைப் போல, குற்றம் சாட்டும் தரப்பாக நடந்துகொள்ளக் கூடாது என்றும் வரம்பு போட்டது. கடைசியில், பார்த்ததையும் கேட்டதையும் வைத்து அறிக்கை எழுதி அவையில் வைக்கலாம்.

குழுவால் செய்ய முடியாதவையும் உண்டு. நிதி ஒதுக்க முடியாது. ஒப்பந்தப்புள்ளி விடச் சொல்லி உத்தரவு போட முடியாது. பொறியாளரை இடைநீக்கம் செய்ய முடியாது. அறிக்கையில் வருவது பரிந்துரை. அதை ஏற்றோம் என்றோ, இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்றோ அரசு பதில் சொல்லும். ஏற்காத பரிந்துரைக்கும் காரணம் எழுதியாக வேண்டும் என்பதில்தான் குழுவின் பிடி இருக்கிறது.

தலைவர் கூட்டரங்கில் சொன்ன ‘மூன்று மாதம்’ அந்தப் பரிந்துரை நிலையைக்கூட எட்டவில்லை. அறிக்கையில் எழுத்தாக ஏறும்வரை அது வாய்ச்சொல். ஆகவே நீதிமன்ற அவமதிப்பு இங்கே எழாது, ஏனென்றால் அங்கே நீதிமன்றமே இல்லை. ‘உரிமை மீறல்’ என்று ஒன்று உண்டே என்று உங்கள் ஊரில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது குழுவுக்குப் பொய்த் தகவல் தருவது, அழைத்தும் வராமல் இருப்பது, சாட்சியைத் தடுப்பது போன்றவற்றுக்கு. வேலை தாமதமானதற்கு அதைக் கையில் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் அதை எழுப்ப வேண்டியவர் ஓர் உறுப்பினர். நீங்களோ நானோ நேரடியாகப் போட முடியாது.

‘அப்படியானால் இந்தக் குழு எதற்கு’ என்று உங்களுக்குத் தோன்றும். நியாயம்தான். என் அனுபவத்தில் குழுவால் கிடைக்கும் மிகப் பெரிய லாபம், பத்து வருடமாக வாய்வழியாகவே பதில் சொல்லிவந்த அலுவலகம் ஒரு பதிலை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டி வருகிறது என்பதுதான். உங்களுக்கு அந்தப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் எல்லோரும் தலைவரின் பேச்சுக்குக் கை தட்டிவிட்டு, அதிகாரி வாசித்ததைக் காதில் வாங்காமல் விட்டுவிட்டீர்கள்.

அந்த ஒரு வரிப் பதிலுக்குள்

“கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது, நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் பணி மேற்கொள்ளப்படும்.” கருத்துரு என்றால் வேலைக்கான முன்மொழிவு. இதில் யார் அனுப்பினார், யாருக்கு, எந்தத் தேதியில், என்ன தொகைக்கு என்ற நான்கும் இல்லை. அலுவலகத் தமிழில் பழகியவர்கள் அதைத் தற்செயலாக விடுவதில்லை.

ஒரு கிராமப் பாலம் எப்படி வருகிறது என்று பாருங்கள். முதலில் சாலை யாருடையது என்று தெரிய வேண்டும். ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால் ஊரக வளர்ச்சித் துறை. நெடுஞ்சாலைத் துறை எடுத்துக்கொண்ட சாலை என்றால் அவர்கள். ஆனால் கீழே ஓடுகிற வாய்க்கால் நீர்வளத் துறையின் பொறுப்பு. 2021இல் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்து அது தனித் துறையாகிவிட்டது. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகும், தூண் எங்கே வரலாம், அடிமட்டம் எவ்வளவு என்று அவர்கள் பார்த்துத் தடையின்மைச் சான்று கொடுத்தால்தான் வடிவமைப்பே முடியும். உங்கள் கட்டில் 2019ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று இருக்கிறது. அதில் ஒன்றியப் பொறியாளர், “வாய்க்கால் துறையினரின் இசைவு எதிர்நோக்கப்படுகிறது” என்று எழுதியிருக்கிறார். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் முதலில் வட்டம் போட்டேன். அந்த இசைவு வந்ததா என்று பின்னால் எந்தக் காகிதத்திலும் இல்லை.

அதன் பிறகு உதவிப் பொறியாளர் மதிப்பீடு போடுவார். செயற்பொறியாளர் பார்ப்பார். மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாகச் சென்னை சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கிற இயக்குநரகத்துக்குப் போகும். பெரிய தொகை என்றால் தலைமைச் செயலகம், நிதித் துறை, அரசாணை. பல பாலங்கள் நபார்டு வங்கியின் ஊரக உள்கட்டமைப்பு நிதியில் வருகின்றன. அப்படியானால் அந்த ஆண்டுக்கான பட்டியலில் உங்கள் பாலத்தின் பெயர் ஏற வேண்டும். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி எல்லாம் அதற்கப்புறம். ‘அனுப்பப்பட்டுள்ளது’ என்ற சொல் இதில் எந்தப் படியையும் குறிக்கலாம். பக்கத்து அறைக்கு அனுப்பியிருந்தாலும் அது பொய்யாகாது.

இன்னொன்று. பொறியியல் துறைகளின் விலை விகிதப் பட்டியல் ஆண்டுதோறும் மாறும். இரண்டு ஆண்டுக்கு முன் போட்ட மதிப்பீடு இன்றைக்குச் செல்லாது. திருத்திய மதிப்பீடு கேட்டு மேலிருந்து கோப்பு திரும்பி வந்து, கீழே யாருடைய மேசையிலோ கிடக்க வாய்ப்பு அதிகம். யாரும் மறுக்கவில்லை, யாரும் அனுமதிக்கவுமில்லை என்ற நிலையில் ஒரு கோப்பு வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

எனவே உங்கள் முதல் வேலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு ஒரு மனு, நீர்வளத் துறையின் செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். ‘ஏன் பாலம் கட்டவில்லை’ என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று தட்டிக்கழிப்பார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: மனுக்கள் குழுவில் வாசித்த பதிலில் சொன்ன கருத்துருவின் நகல், அதன் ந.க. எண்ணும் (கோப்பின் அலுவலக எண்) தேதியும், அதற்கு மேலிடத்திலிருந்து வந்த பதில் கடிதங்கள், கோப்பின் குறிப்புப் பக்கங்கள், தடையின்மைச் சான்று கேட்ட கடிதமும் பதிலும். கோப்பை நேரில் பார்வையிட அனுமதியும் அதே மனுவில் கேளுங்கள், சட்டத்தில் அந்த உரிமை இருக்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

பேரவைச் செயலகத்திடமும் கேட்கலாம். ஆனால் அறிக்கை அவையில் வைக்கப்படாத கட்டத்தில், பேரவையின் உரிமை என்று சொல்லி 8(1)(இ) பிரிவைக் காட்டி மறுக்கக்கூடும். அவையில் வைத்த பிறகு அது பொது ஆவணம். முதலில் துறையைக் கேளுங்கள் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம். அதே காகிதம் துறையின் கோப்பிலும் இருக்கிறது.

மீண்டும் குழுவுக்கு எழுதுவதானால்

எழுதலாம். குழு ஓராண்டுக்கு ஒருமுறை மாற்றியமைக்கப்படும், தலைவரும் மாறியிருக்கலாம். பழைய குழு விட்ட இடத்திலிருந்து புதிய குழு தொடர முடியும், ஆனால் யாராவது நினைவூட்ட வேண்டும். ‘தலைவர், மனுக்கள் குழு, சட்டமன்றப் பேரவை, சென்னை-9’ என்ற முகவரிக்கு, பழைய மனுவின் எண், ஆய்வு நடந்த தேதி, அதிகாரி தந்த பதில், அதற்குப் பிறகு நீங்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற ஆவணம், இவற்றோடு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒரே பக்கம். ஏழு பக்கம் எழுதினால் ஏழாவது பக்கத்தில் இருக்கிற விஷயம் யார் கண்ணிலும் படாது.

குழு மாவட்டத்துக்கு வருமுன் ஆட்சியர் அலுவலகம் செய்திக் குறிப்பு வெளியிடும். அதில் நிபந்தனைகளைப் பார்த்திருப்பீர்கள்: தமிழில் மட்டும், ஐந்து பிரதிகள், தேதியுடன் கையெழுத்து, பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினை, ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சார்ந்தது. இந்தக் கடைசி நிபந்தனைதான் உங்கள் பாலத்துக்குக் கண்ணி. சாலை ஒரு துறை, வாய்க்கால் இன்னொரு துறை. போன முறை ஊரக வளர்ச்சித் துறையை மட்டும் அழைத்தார்கள். அவர்கள், இசைவு கொடுக்க வேண்டிய துறையைப் பற்றி வாயே திறக்கவில்லை, நீர்வளத் துறை அரங்கிலேயே இல்லை. இந்த முறை தடையின்மைச் சான்று தாமதத்தை மட்டும் தனி மனுவாக, நீர்வளத் துறையைக் குறித்து, ஊரில் வேறொருவர் கையெழுத்தில் கொடுக்கலாம். இரண்டு துறையும் ஒரே நாளில் ஒரே அரங்கில் இருந்தால் ஒருவர் மேல் ஒருவர் கை காட்டுவது கொஞ்சம் குறையும்.

ஒலிப்பதிவும், வீட்டுக்கு வந்த ஆளும்

பதிவை வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். ஆட்சியரகத்தில் நடக்கும் மனு விசாரணையில் செய்தியாளர்கள் இருப்பதும் அடுத்த நாள் செய்தி வருவதும் வழக்கம்தான். ஆனாலும் அது பேரவைக் குழுவின் அமர்வு. குழுவின் முன் சொல்லப்பட்டதை அறிக்கை வருவதற்கு முன் வெளியிடக் கூடாது என்பது பொதுவான நாடாளுமன்ற மரபு. அனுமதி கேட்காமல் எடுத்த பதிவை, அதுவும் வெட்டி ஒட்டக்கூடிய வடிவில், ஊரெல்லாம் சுற்ற விட்டால் பேச்சு பாலத்திலிருந்து உங்கள் மேல் திரும்பிவிடும். அழிக்கவும் வேண்டாம். பத்திரமாக வைத்துக்கொண்டு, அதிகாரி சொன்ன வாசகத்தைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் வந்த பக்கம் உங்களிடம் இருக்கிறது, பகிர வேண்டுமென்றால் அதைப் பகிருங்கள்.

வீட்டுக்கு வந்து பேசிய ஆளை நீங்கள் ஒரு வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. குழுவின் முன் பேசியதற்காக ஒருவரை மிரட்டுவது அவையின் உரிமையை மீறுவதாகவே நாடாளுமன்ற மரபில் கருதப்படுகிறது. நான் மேலே சொன்ன ‘உரிமை மீறல்’ உண்மையில் பொருந்துகிற இடம் இதுதான். அவர் யார், யார் அனுப்பினார் என்று உங்களுக்குத் தெரியாது. ஊகத்தை எழுதாதீர்கள். வந்த நாள், நேரம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர் யார் என்று மட்டும் எழுதி, குழுத் தலைவருக்கு அனுப்பும் கடிதத்தோடு தனித்தாளாக இணையுங்கள். மறுபடி வந்தாலோ, மிரட்டல் தெளிவாக இருந்தாலோ காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான சீட்டு) வாங்குங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆவது பிரிவு குற்றமுறு மிரட்டலைப் பற்றியது. இப்போது நடந்த ஒரு வாக்கியத்துக்கு அது ஒட்டுமா என்பது சந்தேகம். ஆனால் எழுத்தில் இருப்பது நல்லது.

கணக்குக் குழுவா, உறுதிமொழிக் குழுவா

பொதுக் கணக்குக் குழு உங்களுக்கான வாசல் அல்ல. சிஏஜி அறிக்கை 151-ஆவது பிரிவின்படி ஆளுநரிடம் போய், அவர் வழியாகப் பேரவையில் வைக்கப்படுகிறது. அந்த அறிக்கையின் பத்திகளை எடுத்துக்கொண்டு, செலவான பணம் எதற்காக ஒதுக்கினோமோ அதற்குத்தான் போனதா என்று துறைச் செயலாளர்களைக் கேட்பதுதான் கணக்குக் குழுவின் வேலை. பார்ப்பது கடந்துபோன ஆண்டுகளை. பல ஆண்டுப் பழைய அறிக்கைகள் வரிசையில் நிற்பதும் சகஜம். உங்கள் பாலத்துக்கு ஒரு ரூபாய் கூட இன்னும் ஒதுக்கவில்லை என்றால் அங்கே தணிக்கை செய்ய எதுவுமே இல்லை. ஒருவேளை தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பைப் பார்க்கும்போது, ‘குழாய் பதித்து மண் கொட்டிய’ அந்தத் தற்காலிக வேலைக்கு வருடா வருடம் பில் போட்டிருப்பது தெரியவந்தால் கதை வேறு. அப்போது சென்னையில் இருக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு ஆவணங்களோடு எழுதுங்கள். பத்து மழைக்குப் பத்து முறை மண் என்றால், நிரந்தரப் பாலத்தைவிடச் செலவு எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

உங்களுக்கு உண்மையில் பயன்படக்கூடியது உறுதிமொழிக் குழு, அதைப் பற்றி நீங்கள் கேட்கவேயில்லை. ஆட்சியரகத்தில் ஓர் அதிகாரி சொன்ன பதில் வேறு, அவையில் ஓர் அமைச்சர் சொல்கிற பதில் வேறு. கேள்வி நேரத்திலோ மானியக் கோரிக்கை விவாதத்திலோ உங்கள் தொகுதி உறுப்பினர் இந்தப் பாலத்தைப் பற்றிக் கேட்டு, அமைச்சர் “இந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படும்” என்றோ “ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கப்படும்” என்றோ சொன்னால், அது நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகும். அவையில் அப்படிக் கொடுத்த வாக்குறுதிகளைப் பட்டியல் போட்டு, நிறைவேறியதா, எவ்வளவு ஆகியிருக்கிறது என்று துறைகளைக் கேட்பதுதான் அந்தக் குழுவின் முழுநேர வேலை. மாவட்டத்துக்கு வந்து இடத்தைப் பார்ப்பதும் உண்டு.

உங்கள் உறுப்பினர் எதிர்க்கட்சிக்காரர், அதனால் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஆளுங்கட்சி உறுப்பினர் அமைச்சரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிக்கொள்வார், பதிவாகாது. எதிர்க்கட்சி உறுப்பினருக்கு அவைதான் இடம். அவரிடம் போகும்போது ஊர்க் கதையைச் சொல்லாதீர்கள். சாலையின் பெயர், ஒன்றியம், வாய்க்காலின் பெயர், கருத்துரு எண், தேதி, தொகை இவ்வளவையும் கேள்வியாகவே எழுதிக் கையில் கொடுங்கள். அவருடைய உதவியாளர் அப்படியே தட்டச்சு செய்து கொடுக்கிற அளவுக்கு. நான்கு வரிக்கு மேல் வேண்டாம். அடுத்த கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி அதன் நகலையும் இணைத்தால் இது ஒரு ஆசிரியையின் மனு என்று யாரும் ஒதுக்க முடியாது.

உயர் நீதிமன்றம்: வரிசை முக்கியம்

குழுவில் மனு இருப்பதால் நீதிமன்றம் போகக் கூடாது என்று எந்தத் தடையும் இல்லை. ஆனால் தலைகீழாக ஒரு தடை இருக்கிறது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயத்தைக் குழு எடுத்துக்கொள்ளாது. அந்தச் செய்திக் குறிப்பிலேயே அது இருக்கும். அவசரப்பட்டு வழக்குப் போட்டுவிட்டால், குழுவின் கதவை நீங்களே சாத்திக்கொண்டதாகிவிடும். அதனால் முதலில் தகவல் உரிமை, அப்புறம் குழுவுக்கும் உறுப்பினருக்கும் கடிதம். அதற்குப் பிறகும் அசைவில்லை என்றால் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு.

நீதிமன்றத்திடம் எதைக் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். குழு நடைமுறை விதிப்படி நடந்ததா என்று நீதிமன்றம் பார்க்காது, 212-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. ‘பாலம் கட்ட உத்தரவிடுங்கள்’ என்றால், எந்தப் பாலத்துக்கு முதலில் பணம் என்பது அரசின் முடிவு என்று பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்வார்கள். ‘இன்ன தேதியில் அனுப்பிய இன்ன எண்ணுள்ள கருத்துருவை இன்ன காலத்துக்குள் பரிசீலித்து முடிவு சொல்லச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் உத்தரவு கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. எண்ணும் தேதியும் இல்லாமல் இதைக் கேட்க முடியாது, அதனால்தான் தகவல் உரிமை மனுவை முதலில் வைத்தேன். அந்த உத்தரவை மீறினால், நீங்கள் முதலில் கேட்ட அவமதிப்பு வழக்கு அப்போது போடலாம்.

குழுவின் அறிக்கை அவையில் வைக்கப்பட்டிருந்தால் அதையும் ரிட் மனுவோடு இணைக்கலாம். நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையை நீதிமன்றம் எடுத்துப் பார்க்கலாம், துணைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த அறிக்கையையே எதிர்த்து வாதாட முடியாது என்று கல்பனா மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2018 மே மாதம் சொன்னது. அதே வாதத்தைச் சட்டமன்றக் குழு அறிக்கைக்கும் வைக்க முடியும்.

பட்டா

இதைக் குழு மனுவில் சேர்க்க வேண்டாம். தனிநபர் குறை, பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலைவாய்ப்பு, கடன், அரசுப் பணியில் இடமாற்றம் எல்லாம் குழு எடுக்காதவை என்று செய்திக் குறிப்பிலேயே இருக்கும். பாலத்தோடு இதைக் கட்டினால் ‘ஒரே பிரச்சினை’ என்ற நிபந்தனையில் பாலமும் சேர்ந்து அடிபட்டுப் போகும். உங்கள் மகனுடைய இடமாற்றத்தையும் ‘ஒரு வரி’ சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் இதே பதில்தான்.

பட்டா பெயர் மாற்றத்துக்கு உங்கள் கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வட்டாட்சியர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. உங்கள் கொழுந்தனார் ஆட்சேபம் தெரிவித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது பங்குத் தகராறு என்றால் வருவாய்த் துறையால் தீர்க்க முடியாது, உரிமையியல் நீதிமன்றம்தான் போக வேண்டும். அந்த ஆட்சேபக் கடிதத்தின் நகல் உங்கள் கட்டில் இல்லை. அதை வாங்கி அனுப்புங்கள், படித்துவிட்டுத் தனியாக எழுதுகிறேன்.